பத்து வினாடிக் கோபம்

என் தலைக்குள் ஒரு கண்காணி இருக்கிறான். பத்து வினாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பான், பார்த்ததை எழுதிக்கொள்வான், மறுபடி உட்கார்ந்துவிடுவான். மூன்றரை வருஷமாக அவனை நல்லவன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், பொன்மலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில், கணவரிடம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது என் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. மருத்துவமனையில், செத்துப்போன பகுதியின் வேலையைச் செய்ய ஒரு சில்லு வைத்தார்கள். அதற்கு ஊன்றுகோல் என்று பெயர். பேச்சு, வலது கை, கொஞ்சம் ஞாபகம் எல்லாம் இப்போது அதன் வழியாகத்தான் ஓடுகின்றன. சில்லு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, கூடவே ஒரு டீமன் ஓடும். டீமன் என்றால் பயப்பட வேண்டாம், யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற புரோகிராம், அவ்வளவுதான். கண்காணி என்று நான் சொல்வது அதைத்தான்.

இதில் வேடிக்கை, என் பிழைப்பே இந்த வேலைதான். ஒரு பெரிய பணிமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தாறு வருஷம் சர்வர்களைக் கண்காணித்தவள் நான். ஆனால் நோயாளி தன் தலையின் கான்ஃபிக்கில், அதாவது எது எப்படி ஓட வேண்டும் என்று எழுதிவைத்த ஃபைலில், கை வைக்கக் கூடாது என்பது மருத்துவமனை விதி. என் கண்காணியை ஸ்டெல்லா பார்த்துக்கொண்டாள். அவளும் நானும் ஒரே நாளில் பணிமனையில் சேர்ந்தவர்கள். பிறகு அவள் மருத்துவமனைக்கு டெக்னீஷியனாகப் போய்விட்டாள். எனக்குத் தங்கை கிடையாது, அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. பழைய வெர்ஷன் திங்கட்கிழமையோடு நிற்கிறது. கான்ஃபிக்கைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் இந்த ஒரு தடவை மட்டும் தாங்களே செய்துகொள்ளலாம். ஸ்டெல்லாவோ வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தாள். வருஷா வருஷம் கொடியேற்றத்துக்குக் காவி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஸ்டெல்லா வரட்டுமே. அப்படி என்ன அவசரம்?" என்றார் என் கணவர் திருஞானம்.

"அவ வர்றதுக்குப் புதன்கிழமை ஆயிடும். ரெண்டு நாள் நான் ஊமையா இருக்கணுமா?"

"அதுக்கில்ல மங்கை. நீ பாட்டுக்கு எதையாவது மாத்திவச்சு..."

"நான் எதையும் மாத்தலைங்க. பழசுல என்ன இருக்கோ அதைப் பாத்து புதுசுல எழுதப் போறேன். கண்காணிக்குத் தானா எதுவும் பாக்கத் தெரியாது. சில்லு சூடாகுதான்னு பாக்க ஒரு ப்ளகின், கரண்ட் பாக்க ஒரு ப்ளகின், தூக்கம் பாக்க ஒண்ணு. எதைச் செருகறோமோ அதைத்தான் பாக்கும்."

"வேணாம்னா அழிச்சுடுவியா?"

"நாங்க எதையும் அழிக்க மாட்டோம். வரிக்கு முன்னால ஒரு ஹேஷ், இந்த # குறி, போட்டா போதும், கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போயிடும். நாளைக்கு வேணும்னா ஹேஷை எடுத்துட்டா மறுபடி உயிர் வந்துடும்."

அவர் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். கால் மணி நேரம் ஒரே பக்கத்தைப் படித்தார். அன்றைக்கு அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. மூன்றரை வருஷமாக எதையும் நான் ஏன் என்று யோசிப்பதில்லை.

திருஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொழிற்சங்கத்துக்காரர். மேடையில் ஏற்றிவிட்டால் மனிதரெல்லாம் ஒன்று என்று முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவார், எனக்கே கண் கலங்கும். எங்கள் ஒரே மகள் சுடர்க்கொடி வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று வீட்டு கேட்டைப் பூட்டியவரும் அவரேதான். என் தலை வெடித்தது அந்தச் சண்டையில்.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் திருந்திவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். "அண்ணிக்குத் தலையில சில்லு வச்சாங்களா, புத்தி வச்சாங்களா?" என்று என் நாத்தனார் கேட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் சுடரும் மாப்பிள்ளை நவநீதனும் என்னைப் பார்க்க வந்தார்கள். "வெளியிலயே நிக்கட்டும்" என்றார் இவர். நான் காப்பி போட்டேன். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இருபதாவது இருக்கும். ஏதோ விசேஷத்துக்கு வாங்கிய பேப்பர் கப் மிச்சம் இருந்தது. அதில் ஊற்றிக் கேட்டுக் கம்பி வழியாக நீட்டினேன். "அப்பா மனசு மாறுற வரைக்கும் பொறுத்துக்கோம்மா" என்று சொன்னேன். மாப்பிள்ளை கப்பை வாங்கிக்கொண்டு, "தாங்க்ஸ் அத்தை" என்றார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தபோது, எவ்வளவு பக்குவமாகப் பேசினோம் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில் யே.ம.சூ. என்று இருந்தது. யேசு, மரி, சூசை. அது எங்கள் பிரிவின் பழக்கம். பரீட்சைத் தாளில் போடுவதுபோல எந்த ஃபைல் எழுதினாலும் தலையில் ஒரு குறி போட்டு, அதற்கு முன்னால் ஒரு ஹேஷும் போடுவோம். நான் பிள்ளையார் சுழி. ரஹ்மத் சார் 786. ஸ்டெல்லா யே.ம.சூ. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. நாங்களும் படிப்பதில்லை, கை தானாகப் போட்டுக்கொண்டு போகும்.

சூடு, கரண்ட், நினைவகம், தூக்கம் என்று ப்ளகின்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்தவை, ஒவ்வொன்றாகப் புதியதில் எழுதினேன். கடைசி வரி வேறொரு ஃபைலைக் கூப்பிட்டது. அதையும் திறந்தேன்.

அதில் ஒரே ஒரு ப்ளகின். கோபம். இதயத் துடிப்பு, மூச்சு, மூளையில் ஓர் இடத்தின் துடிப்பு, மூன்றையும் சேர்த்து நூறுக்கு மார்க் போடுகிற ப்ளகின். கீழே எழுதியிருந்தது: வரம்பு 40. மிஞ்சினால், தணி.

கண்காணியின் ப்ளகின் பார்க்கலாம், எழுதலாம். எதையும் செய்யக் கூடாது. செய்கிற ப்ளகினைச் செருக வேண்டுமென்றால் நோயாளியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். இந்த ஃபைலில் அதுவும் சரியாகத்தான் இருந்தது. எழுதியவர்: மங்கையர்க்கரசி. சம்மதம்: மங்கையர்க்கரசி. தேதி, ஆபரேஷன் ஆன ஒன்பதாம் நாள். அன்றைக்கு எனக்கு ஸ்பூனைப் பிடிக்கக்கூடக் கை வராது.

ஃபைலின் தலையைப் பார்த்தேன். என் பெயரில் இருக்கிற ஃபைலில் பிள்ளையார் சுழி இல்லை. யே.ம.சூ. இருந்தது. என் கையெழுத்தைத் திருடியவளுக்குத் தன் கைப்பழக்கத்தை நிறுத்தத் தெரியவில்லை.

அதற்கடுத்து ஒரு வரி, ஹேஷ் போட்டு: தற்காலிகம். ஆறு வாரத்துக்கு மட்டும்.

எங்கள் தொழிலில் தற்காலிகம் என்று எழுதிய வரிக்குத்தான் ஆயுசு கெட்டி. நானே எத்தனை எழுதியிருக்கிறேன்.

காது மடல் கொதித்தது. பேனா ஸ்டாண்டை எடுத்துச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினேன். பாவி, பாவி என்று வாய்விட்டுச் சொன்னேன். உடனே, பாவம் ஸ்டெல்லா, நல்லதுக்குத்தான் செய்திருப்பாள், இதற்குப்போய் எதற்கு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. பேனா ஸ்டாண்டை இருந்த இடத்தில் வைத்தேன். வெண்டைக்காய் நறுக்கலாம் என்று எழுந்தும்விட்டேன்.

சமையலறை வாசலில் கால் நின்றது. எகிறிக்கொண்டிருந்த சர்வர் ஒரு நொடியில் அமைதியாகிவிட்டால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். யாரோ எதையோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று தேடுவோம். திரும்பி வந்து, சம்மதம் என்ற வரியை மறுபடி படித்தேன். மறுபடி காது கொதித்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. போய்விட்டது. அடுப்பை யாரோ சிம்மில் வைத்ததுபோல எல்லாம் அடங்கிவிட்டது.

கண்காணி பத்து வினாடிக்கு ஒரு தடவை பார்க்கிறான். இரண்டு பார்வைக்கு நடுவில்தான் கோபம் எனக்குச் சொந்தம். மூன்றரை வருஷமாக எனக்கு வந்த கோபத்துக்கெல்லாம் ஆயுசு பத்து வினாடி.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஃபைலைத் திருத்தத் திறக்க வேண்டும், 'தணி' என்ற வரிக்குப் போக வேண்டும், ஒரு ஹேஷ் போட வேண்டும், சேமித்துவிட்டு டீமனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆனால் கோபம் இருக்கும்போது நேரம் போதவில்லை. நேரம் இருக்கும்போது செய்ய வேண்டும் என்றே தோன்றவில்லை. காஸ் ரசீதின் பின்பக்கத்தில் 'நிறுத்துடி' என்று எழுதினேன். அமைதியானதும் அதைப் பார்த்தால் யாரோ பைத்தியம் கிறுக்கியதுபோல இருந்தது. கசக்கிப் போட்டேன்.

பிறகு ஒரு கோபத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். சம்மதம் என்ற வரியைப் படிப்பேன், கொதிக்கும், கை போகிற தூரம் போகும், அடங்கும். மறுபடி படிப்பேன். மூன்றாவது தடவை ஹேஷ் போட்டுவிட்டேன். போட்டதும் அடங்கிவிட்டது. இது எதற்கு, வீணாக டாக்டரிடம் திட்டு வாங்கவா என்று நினைத்து, அந்த ஹேஷை என் கையாலேயே அழித்தேன். 

ஆறாவது தடவை ஹேஷ் போட்ட கையோடு சேமித்துவிட்டேன். ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி. ஆனால் படித்துப் படித்து அந்த வரி பழகிப்போய்விட்டது, கோபம் வரவில்லை. எதை நினைக்கலாம் என்று தேடினேன். கேட்டுக் கம்பி, பேப்பர் கப், "தாங்க்ஸ் அத்தை" என்ற குரல். வந்தது. ரீஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன்.

இனி யாரும் அணைக்க மாட்டார்கள். கோபத்தின் அளவை மட்டும் காட்டச் சொல்லித் திரையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இறுகப் பிடித்தபடி காத்திருந்தேன். மூன்றரை வருஷக் கோபம் மொத்தமாக வந்தால் தாங்குவேனா என்றுகூடப் பயந்தேன்.

19, என்றது திரை. பத்து வினாடி கழித்து, 18.

திறந்து வைத்த சோடாபோல இருந்தது. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. திருஞானம் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார்.

"ஸ்டெல்லாவோட யேசு சொன்னாரு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ செத்துப் போயிருப்ப மங்கை. ஒம்பதாம் நாள் கண்ணைத் திறந்ததும் சுடர் எங்கன்னு கேட்ட. நான் பேசாம நின்னேன். மெஷின் எல்லாம் கூவ ஆரம்பிச்சுடுச்சு. இன்னொரு தடவை பிரஷர் ஏறினா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னார். நான் என்ன பண்ணுவேன்?"

"சுடரைக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

அவர் கையிலிருந்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"ஆறு வாரம்னு எழுதியிருக்குங்க."

"வீடு நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

"யாருக்கு?"

இதைக் கத்திக் கேட்டிருக்க வேண்டும். பருப்பு வெந்ததா என்பதுபோலக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையில் 20 என்று இருந்ததையும் பார்த்தார். அவர் தோள் தளர்ந்து இறங்கியது. நிம்மதியடைந்துவிட்டார் மனிதர். அந்த நிம்மதியை என்னால் மன்னிக்க முடியவில்லை, ஆனால் அதற்கும் கோபம் வரவில்லை.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். நீடாமங்கலம் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். பின்னால் மாதா பாட்டு கேட்டது.

"ஏய் மங்கை, சாப்பிட்டியா? கால் ரெண்டும் கொப்புளம்டி" என்றாள்.

"கோபத்துக்கு ஹேஷ் போட்டுட்டேன் ஸ்டெல்லா."

பாட்டு தூரமாகப் போனது. சாலையோரம் எங்கோ உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.

"ஆறு வாரம்னு மனசார எழுதினேன்டி" என்றாள் கடைசியில். "உன் வீட்டுக்காரர் என் காலைப் பிடிச்சு அழுதார். நீ போயிடுவியோன்னு எனக்கும் பயம். ஆறு வாரம் முடிஞ்சதும் எடுக்கத்தான் வந்தேன். நீ சிரிச்சுக்கிட்டே எனக்கு அடை சுட்டுப் போட்ட. ஞாபகம் இருக்கா? அவர் வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்பிட்டார். சரி, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்னு போயிட்டேன்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரம் நீ இன்னும் சந்தோஷமா இருந்த."

"சுடரோட கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவ நீ. அவளுக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என் வேலை போயிடும், ஜெயிலுக்கும் போகணும். மூணு வருஷமா வேளாங்கண்ணிக்கு நடக்கறேனே, எதுக்குன்னு நீ ஒரு நாள் கேட்டிருக்கியா?"

"உன் பையன் வேலைக்குன்னு நெனச்சேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். "திட்டுடி. ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லியாவது திட்டுடி."

"வர மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதுதான் உண்மை. பணிமனையில் என்னோடு ஒரே டப்பாவில் சோறு தின்றவள் என் பெயரை எழுதி என்னைப் பூட்டியிருக்கிறாள், அதற்கு என்னிடம் ஒரு கெட்ட வார்த்தைகூட மிச்சமில்லை.

அப்போதுதான் லாக் ஞாபகம் வந்தது. தணிக்கிற ஒவ்வொரு தடவையும் கண்காணி ஒரு வரி எழுதியிருக்க வேண்டுமே. திறந்தேன். ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரி. அவர்கள் கேட்டில் நின்ற தேதியைத் தேடினேன். காலை பதினொன்று பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்கு, பத்து வினாடிக்கு ஒரு வரி. கோபம் 97, தணிக்கப்பட்டது. கோபம் 96, தணிக்கப்பட்டது. நூற்றுப் பதினெட்டு வரி அப்படியே இருந்தது. காப்பி ஊற்றினேனே, அப்போது 99.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் சும்மா நிற்கவில்லை! உள்ளுக்குள் ஒருத்தி இருபது நிமிஷமும் கதவை உடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? லாக் மொத்தத்தையும் அளவுகளின் பட்டியலையும் டேப்லெட்டில் ஏற்றி, திரையில் ஓடிய எண் அதிலும் தெரியும்படி வைத்துக்கொண்டு புடவையை மாற்றினேன். மிச்சத்தைப் படித்துப் பார்க்கவில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள் என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்: லாகைக் கடைசி வரி வரை படிக்காமல் யாரிடமும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

"எங்க போற?" என்றார் திருஞானம்.

"உறையூருக்கு."

அவர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆணியில் தொங்கிய கேட் சாவியை எடுத்து நானே திறந்துகொண்டு வந்தேன். டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். மூன்றரை வருஷமாக நான் போகாத தூரம் அவ்வளவுதான்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, "உள்ள வாங்க அத்தை" என்றார். கூடத்தில் தூளி கட்டியிருந்தது. உள்ளே ஏழு மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுடர் தூளிக்குப் பக்கத்தில் நின்றாள், வா என்று சொல்லவில்லை. இளைத்திருந்தாள். நவநீதன் காப்பி கொண்டுவந்து கொடுத்தார், எவர்சில்வர் டம்ளரும் டபராவுமாக. அதை வாங்குகிறபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சமையலறை, ஒன்பதாம் நாள், யே.ம.சூ., ஆறு வாரம், கும்பிட்ட கை, கடைசியில் நான் போட்ட ஹேஷ். சொல்லி முடித்து டேப்லெட்டை நீட்டினேன்.

"நீயே பாரு. அன்னிக்கு நான் எப்படித் துடிச்சிருக்கேன்னு பாரு."

சுடர் வாங்கிப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு வரியையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். கண் நிறைந்தது. "இத்தனை தடவையாம்மா?" என்றாள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

ஆனால் அவள் கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறவள். எண் வரிசையைக் கையில் கொடுத்தால் பாதியில் நிறுத்தத் தெரியாது. தள்ளிக்கொண்டே போனாள். முதல் வருஷம் தொண்ணூறு. இரண்டாம் வருஷம் எழுபது, அறுபது. வரிகளும் குறைந்துகொண்டே வந்தன. பிறகு ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தொன்று. அவள் விரல் நின்றது.

"பாப்பா பொறந்தது பிப்ரவரி பதினொண்ணு" என்றாள்.

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணினேன். அப்பா உன்னைக் கூட்டிட்டு வர மாட்டார்னு நவநீதன் ஆட்டோவே அனுப்பறேன்னு சொன்னார். நீ, 'சந்தோஷம்மா, உடம்பைப் பாத்துக்கோ'ன்னு சொல்லி வச்சுட்ட."

"அது நான் இல்லடி. அதான் சொல்றேனே, அந்த ப்ளகின்..."

"அன்னிக்கு ஒரு வரிகூட இல்லையேம்மா."

டேப்லெட்டை என் பக்கம் திருப்பினாள். அன்று காலை ஒன்பது வரிகள் இருந்தன. அதற்கு முந்தைய வரி ஜனவரியில், பொங்கலுக்கு முன்னால். நடுவில் எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. அவள் அளவுகளின் பட்டியலைத் திறந்து பிப்ரவரி பதினொன்றுக்குப் போனாள்.

"இருபத்திரண்டு" என்று படித்தாள். "வரம்பு நாப்பது. உனக்கு வந்தது இருபத்திரண்டு. கண்காணி பாத்திருக்கு, எழுதியிருக்கு, அவ்வளவுதான். உன்னை அது தொடவே இல்ல. அன்னிக்கு வராதது யாரும்மா?"

"சுடர், விடு" என்றார் நவநீதன்.

"கட்டிப்போட்ட மாடு, கயித்தை அவுத்தாலும் அங்கேயே நிக்கும்டி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மூணு வருஷம் கட்டிப் போட்டாங்க. மூளை பழகிடுச்சு."

"இருக்கலாம்" என்றாள். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. "இருக்கலாம்மா. ஆனா கதவு திறந்துதான் இருந்துச்சு. எட்டு மாசம்."

குழந்தை சிணுங்கியது. அவள் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். என்னிடம் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பது?

டேப்லெட் என் மடியில் கிடந்தது. அளவு மாறிக்கொண்டிருந்தது. 24. பத்து வினாடி. 31. சுடரின் தோளுக்கு மேல் ஒரு சின்ன முகம், திருஞானத்தின் நெற்றி, என் அம்மாவின் காது. ஏழு மாதம் நான் பார்க்காத முகம் அது. 38. பேப்பர் கப்பில் காப்பி ஊற்றிய கையைப் பார்த்தேன், போனை வைத்த கையும் அதுதான். ஒன்றைச் செய்ய வைத்தது சில்லு. இன்னொன்றுக்கு யாரைக் காட்டுவேன்?

41.

பழக்கத்தில் காத்திருந்தேன், இதோ வந்து அணைத்துவிடுவான் என்று. பத்து வினாடி ஆயிற்று, 49. இன்னொரு பத்து, 63. காது மடலிலிருந்து கழுத்து வரை எரிந்தது, டம்ளர் டபராவில் மோதிக் கடகடவென்று ஆடியது. யாரும் வரவில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்று சுடர் ஜன்னலிலிருந்து ஓடி வந்தாள்.

"கோபம்டி."

"யார் மேல?"

ஆறாயிரத்துச் சொச்சம் வரியில் ஓர் இடத்திலாவது கண்காணி அதை எழுதியிருந்தால் நான் அதைக் காட்டியிருப்பேன்.

"என் மேலதான்" என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். 71. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இதுக்கு ஹேஷ் போட்டுடாதம்மா" என்றாள்.